தவறணை தந்த பாடம்: போதைப்பொருள்களைச் சட்டபூர்வமாக்கல் பற்றிய ஒரு நோக்கு

போதைப்பொருள்களைச் சட்டபூர்வமாக்குதல் வேண்டுமா, வேண்டாமா என்ற வினா இன்று பாராளுமன்றம் முதற் பல்கலைக்கழக விடுதிகள் ஈறாகப் பல மட்டங்களிலும் எழுப்பப்பட்டு வருகின்றது. ஹந்தானை மலையடிவாரத்திற் கல்வி பயிலும் மாணவரிடையேயும் இவ்வினா புதியதன்று. கஞ்சா முதலியவற்றை நுகர்தல் தனிமனிதனின் உரிமையென்றும், உலகம் முன்னேற நாம் மட்டும் பழைமைச் சேற்றிற் கிடந்து உழல்கின்றோமென்றும் ஒரு சாரார் வாதிடுகின்றனர். சட்டத்தின் பிடி சற்றுத் தளரினும் சமுதாயம் சீரழிந்து போகும், போதைக்குத் தூக்குமேடையே தக்க மருந்து என்று மற்றொரு சாரார் முழங்குகின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பது போலத் தோன்றினும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டே நிற்கின்றனர். போதையினால் ஆதாயம் பெறுபவர் யாவர், அதன் பொருட்டுத் தண்டனை பெறுபவர் யாவர் என்ற வினாவை இரு சாராருமே கேட்பதில்லை. அவ்வினாவைக் கேளாது நடத்தப்படும் விவாதம், எத்துணைச் சொல்வன்மையுடன் நடத்தப்படினும், வெறும் பட்டிமன்றமாகவே முடியும்.

போதைப்பொருளை நுகர்பவனைக் குற்றவாளியாக்கும் சட்டம் நீக்கப்படல் வேண்டும். அதே வேளையிற் போதையை இலாபமீட்டும் வணிகமாக்குதற்கு எவர்க்கும், அரசுக்கேனும், இடமளித்தல் ஆகாது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை என்று கருதுவோர் உளர். அக்கருத்துத் தவறானது என்பதை நிறுவுதற்கு நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. மலையகத்துத் தோட்டப்புற வரலாறே போதிய சான்று தரும்.

சட்டம் பிறந்த கதை

தேயிலை வரலாறு பயில்வோர் 1867 ஆம் ஆண்டை மறப்பதில்லை. கண்டி மாவட்டத்து லூல்கந்துறைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிக நோக்கில் தேயிலை பயிரிட்ட ஆண்டு அது. அதே ஆண்டிலேயே அபின், பங்கு ஆகியவை தொடர்பான கட்டளைச் சட்டமும் இந்நாட்டில் ஆக்கப்பட்டது. அச்சட்டம் அனுமதிப்பத்திரமின்றி விற்றலையே தடை செய்தது. போதையின் பாதிப்பிலிருந்து குடிமக்களைக் காத்தல் குடியேற்ற அரசின் முதன்மைக் கவலையாக இருந்திருப்பின், அனுமதிப்பத்திரம் பெற்ற அபின் கடைகள் பின்வந்த பல ஆண்டுகளிற் பெருகியிருக்கமாட்டா. பொதுமக்களின் எதிர்ப்பு வலுப்பெற்ற பின்னரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பகிரங்க விற்பனை கட்டுப்படுத்தப்பட்டுப் பதிவுசெய்யப்பட்ட நுகர்வோர்க்கும் சுதேச வைத்தியர்க்கும் மட்டும் அபின் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

அயலிலிருந்த இந்தியாவில், 1893 இல் அமைக்கப்பட்ட கஞ்சா ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1894 இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை சமர்ப்பித்தது. அளவான கஞ்சாப் பாவனையினாற் பெருந்தீங்கு விளைவதில்லையென்றும், முழுத்தடை பொருத்தமற்றதென்றும், வரியும் அனுமதிப்பத்திரமுமே தக்க வழியென்றும் அது கூறிற்று. இன்று சட்டபூர்வமாக்கலை ஆதரிப்போர் இவ்வறிக்கையை விரும்பி எடுத்துக்காட்டுவர். ஆயின் வரிவசூலில் ஆர்வங்கொண்ட அரசொன்று அமைத்த ஆணைக்குழு, இறுதியில் வரியையே மருந்தாகப் பரிந்துரைத்தது என்பதும் உடன் சிந்திக்கற்பாலது.

1925 ஆம் ஆண்டு ஜெனீவாவிற் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கையிற் கஞ்சாவும் சேர்க்கப்பட்டது. இப்பின்னணியிலேயே இலங்கையின் 1929 ஆம் ஆண்டு 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் எழுந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகியும் இத்துறையில் அடிப்படைச் சட்டமாக விளங்குவது அதுவே. 1980 களின் தொடக்கத்தில் உல்லாசப் பயணத்துறையின் விரிவோடு ஹெரோயினும் நாட்டினுள் வேரூன்றியபோது, 1984 ஆம் ஆண்டு 13 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருப்பவர்க்கு மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை என அது விதித்தது. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையும் அதே ஆண்டிலேயே சட்டத்தால் நிறுவப்பட்டது. நாற்பதாண்டு கழிந்துவிட்டது. ஹெரோயின் ஒழிந்ததா? ஒழியவில்லை, 'ஐஸ்' எனப்படும் மெதம்பெற்றமைனும் அதனுடன் வந்து சேர்ந்துகொண்டது. அதனையும் உள்ளடக்க 2022 இல் மற்றொரு திருத்தம் தேவைப்பட்டது. தண்டனையின் கடுமையே போதையை ஒழிக்குமெனின், ஒழிந்திருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது.

தண்டிக்கப்படுவோர் யாவர்?

1876 இல் ஆங்கிலேயர் கட்டிய போகம்பறைச் சிறைச்சாலை கண்டி நகரின் நடுவே தூக்குமேடையுடன் நெடுங்காலம் நிமிர்ந்து நின்றது. 2014 இன் தொடக்கத்தில் அது மூடப்பட்டுக் கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிறை இடம் மாறியதேயன்றிச் சிறைப்படுவோரின் வர்க்கம் மாறவில்லை. தண்டனை பெற்று இந்நாட்டுச் சிறைகளுக்கு அனுப்பப்படுவோரிற் போதைப்பொருட் குற்றங்களுக்காகச் செல்வோரே அண்மைக் காலத்தில் முதலிடம் பெறுகின்றனர். சிறைசெல்வோருட் கணிசமானோர், நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட வழியற்றமையாலேயே கம்பியெண்ணுகின்றனர் என்பதும் அறியப்பட்ட உண்மை. ஒரே அளவு கஞ்சாவுடன் பிடிபடும் இருவருள், பணமுள்ளவன் தண்டத்தைச் செலுத்திவிட்டு மாலையில் வீடு திரும்புகின்றான். தோட்டத்து லயத்து இளைஞன் சிறை செல்கின்றான். எழுத்திற் சட்டம் ஒன்றே. தண்டனை இரண்டு.

2023 டிசம்பர் 17 ஆந் திகதி 'யுக்திய' என்ற பெயரிற் பொலிஸ் நடவடிக்கையொன்று தொடங்கப்பட்டது. நீதி என்பது அப்பெயரின் பொருள். ஒரு மாத காலத்துக்குள் 29,000 க்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பிடியாணையின்றி வீடுகள் சோதனையிடப்பட்டமை, கைதானோர் படைத்தரப்பினரால் நடத்தப்படும் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டமை முதலியவற்றைச் சுட்டிக்காட்டி, 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர் குழுவினர் இந்நடவடிக்கையை நிறுத்துமாறு கோரினர். நாடெங்கும் ஆயிரக்கணக்கிற் கைப்பற்றப்பட்ட மனிதருள் எத்தனைபேர் கப்பல்களிற் சரக்கிறக்கியோர்? எத்தனைபேர் வங்கிக் கணக்குகளிற் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கியோர்? வலையின் கண்கள் சிறுமீன்களுக்கென்றே பின்னப்பட்டிருப்பின் சுறாக்கள் அதில் அகப்படுவது எங்ஙனம்?

மரண தண்டனையின் கதையும் இத்தகையதே. இந்நாட்டில் இறுதியாகத் தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது 1976 இல். 2019 ஜூன் மாதத்திற் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரின் மரண ஆணையிற் கையொப்பமிட்டு விட்டதாகச் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். அதனை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. நால்வரைத் தூக்கிலிட்டிருப்பின் ஐந்தாமவன் அஞ்சியிருப்பான் என்று நம்புவோர், மரண தண்டனைச் சட்டம் ஏட்டிலிருந்த அத்தனை ஆண்டுகளிலும் அவ்வணிகம் வளர்ந்த விதத்தைச் சற்று நோக்குவாராக.

நோயாளனுக்கு விலங்கிடுவது மருத்துவமன்று. போர்த்துக்கல் நாடு இதனை உணர்ந்தது. ஹெரோயினாற் பெரிதும் பீடிக்கப்பட்டிருந்த அந்நாடு, பத்து நாட் பாவனைக்கு மேற்படாத அளவு போதைப்பொருளைச் சொந்தப் பாவனைக்கென வைத்திருப்பதை 2001 ஜூலை முதற் குற்றவியற் சட்டத்திலிருந்து நீக்கியது. பிடிபடுவோர் நீதிமன்றுக்குப் பதிலாக, மருத்துவ, சமூகத் துறையினரை உள்ளடக்கிய குழுவொன்றின் முன் நிறுத்தப்படுவர். சிகிச்சை வசதிகளும் உடன் விரிவாக்கப்பட்டன. ஊசிவழிப் போதை ஏற்றுவோரிடையே புதிதாக எச்.ஐ.வி. தொற்றுதல் பெரிதுங் குறைந்தது. அங்கு விற்பனை சட்டபூர்வமாக்கப்படவில்லை என்பது இங்கு முக்கியமாகக் கவனிக்கற்பாலது. விற்பவன் அங்கும் குற்றவாளியே. நுகர்பவனை விடுவித்தலும் வணிகனை விடுவித்தலும் இரு வேறு செயல்கள் என்பதற்கு இதனினுஞ் சிறந்த எடுத்துக்காட்டில்லை.

டொலர் தேடும் தாராளம்

தடைச்சட்டம் தோல்வியுற்றதெனின் சட்டபூர்வமாக்கலே வழியெனச் சிலர் முடிவுகட்டுவர். ஆயின் இலங்கையில் அக்கோரிக்கை எப்பொழுது, எவர் வாயிலிருந்து எழுந்தது என்பதை நோக்குதல் வேண்டும். சிறையில் வாடும் ஏழையின் உரிமைக்காக அது எழவில்லை. 2022 இல் நாட்டின் வெளிநாட்டுச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு நவம்பரிற் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனையைச் சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க முன்வைத்தார். சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சராக இருந்த டயனா கமகேயும் டொலரைக் கொணரும் பயிரென இதனை ஓயாது விதந்துரைத்தார். 2025 இல், மீரிகமவில் ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்க்கு அங்கீகாரம் வழங்கப்பட்டது. விளைச்சல் அனைத்தும் வெளிநாடு செல்லும். உள்நாட்டாருக்கு ஓர் இலையுங் கிட்டாது என உறுதிமொழியும் கூறப்பட்டது.

அதே 2025 ஆம் ஆண்டின் ஒக்ரோபர் மாதத்திலேயே போதைக்கெதிரான தேசிய இயக்கமொன்றும் அரசாங்கத்தினால் ஆரவாரத்துடன் தொடங்கப்பட்டது. ஒரு கை அனுமதிப்பத்திரம் நீட்ட, மறுகை விலங்கு பூட்டுகின்றது. தணமல்விலைப் பகுதியில் மழையை நம்பிச் சேனை வெட்டும் விவசாயி, மிளகாய்க்கும் சோளத்துக்கும் விலை கிடையாத நிலையிற் காட்டோரத்திற் கஞ்சாச்செடி வளர்ப்பின், பொலிசார் அதனைப் பிடுங்கித் தீயிட்டு அவனையும் இழுத்துச் செல்வர். வேலியிட்ட நிலத்தில் அதே செடியை அந்நிய முதலீட்டாளன் வளர்ப்பின் அது 'முதலீட்டு ஊக்குவிப்பு' எனப் பெயர் பெறும். செடி ஒன்று, மண்ணும் ஒன்று. வேறுபாடு மூலதனத்தின் அளவிலேயே உளது. பெருந்தோட்டப் பொருளாதாரம் இந்நாட்டுக்கு எத்தகைய வறுமையைத் தந்ததென்பதைக் கண்ணாற் கண்டவர்கள், இன்னோர் ஏற்றுமதிப் பணப்பயிரை மீட்சியின் வழியெனக் கொண்டாடுவது வியப்புக்குரியது. ஆயிரம் ரூபா நாட்கூலிக்காகத் தேயிலைத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கிற் போராடியே 2021 இல் அதனைப் பெற்றனர். தேயிலை ஈட்டிய டொலர் யாவும் எங்குச் சென்றனவோ அங்கேதான் கஞ்சா ஈட்டும் டொலரும் செல்லும்.

கஞ்சா நமது மரபு மருந்தன்றோ என்று வினவலாம். சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் அதற்கு இடமுண்டென்பது உண்மையே. இன்றும் சட்டத்துக்குட்பட்டு ஆயுர்வேத மருந்தாக்கத்துக்கு அது பயன்படுகின்றது. சர்வதேச ரீதியிலும் 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, 1961 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை 27 க்கு 25 என்ற வாக்குகளால் நீக்கியது. மருந்துக்கு வேண்டுமளவு பயிரிட்டு, ஆராய்ந்து, நோயாளிக்கு வழங்குவதை எவரும் எதிர்க்க நியாயமில்லை. ஆயின் மருந்தின் பெயரால் நுழைந்து வணிகத்தின் வடிவில் அமர்ந்து கொள்வதை வேறுபடுத்தி அறியும் விழிப்பு வேண்டும்.

தவறணையின் வரலாறு

சட்டபூர்வமான போதை யாருக்கு உழைக்கும் என்பதைக் கற்பனையால் அறியவேண்டியதில்லை. சாராயம் என்ற சட்டபூர்வமான போதை ஏறத்தாழ இரு நூற்றாண்டு காலமாக மலையகத்தின் நடுவே இருந்து வருகின்றது.

1815 இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. 1820 களில், இன்று பல்கலைக்கழகம் அமைந்துள்ள பேராதனைக்கு எதிரே, மகாவலியின் அக்கரையிலுள்ள கன்னொறுவையில் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் கோப்பி பயிரிட்டார். கோப்பிக் காடுகள் பெருக, தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிற் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்தோர் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் கூலி வாங்கிய இடத்துக்கு அண்மையிலேயே தவறணை திறக்கப்பட்டது. சாராயம் விற்கும் உரிமையைக் குடியேற்ற அரசு ஏலத்தில் விட்டது. கரையோரத்துச் செல்வர் அவ்வுரிமையைக் குத்தகைக்கு எடுத்தனர். குத்தகைப் பணத்தால் அரச திறைசேரி நிரம்பிற்று. விற்பனையாற் குத்தகைக்காரனின் பெட்டி நிரம்பிற்று. இலங்கையின் சுதேச முதலாளி வர்க்கம் தன் ஆரம்ப மூலதனத்தைப் பெரிதும் சாராயக் குத்தகையிலிருந்தே திரட்டியது என்பதைக் கலாநிதி குமாரி ஜயவர்தன தமது ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். தோட்டங்களும் காரீயச் சுரங்கங்களும் மாளிகைகளும் மைந்தரின் சீமைப் படிப்பும் அம்மூலதனத்திலிருந்து கிளைத்தன. அவற்றுக்கான விலையைச் செலுத்தியோர் நாட்கூலிகள்.

ஹந்தானையில் 1925 இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பழைய இயந்திரங்கள் அங்கே துலக்கிவைக்கப்பட்டுள்ளன. உல்லாசப் பயணிகள் தேநீரருந்தி மகிழ்கின்றனர். துரைமாரின் திறமையை வியந்து செல்லும் அப்பயணிகள், தொழிலாளியின் கூலியிற் பாதியை மீளப் பறித்த தவறணைக்கு எந்நாட்டிலாவது அருங்காட்சியகம் உண்டோ என்று வினவுவதில்லை. கங்காணியிடம் பட்ட கடன், தவறணையிற் பட்ட கடன் என்னும் இரு கயிறுகளாற் கட்டுண்டவன் தோட்டத்தை விட்டு எங்கும் ஓடான். போதை, உழைப்பைச் சுரண்டுவோர்க்கு உவப்பானதொரு துணைவனாய் இருந்தமை இதனாற் புலப்படும்.

இதனைக் கண்டு மக்கள் வாளாவிருந்தனரல்லர். 1904 இற் கிளர்ந்த மதுவொழிப்பு இயக்கம், 1912 ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தையடுத்து மீண்டும் வீறுகொண்டது. ஊரூராகக் கூட்டங்கள் நடைபெற்றன. குடியேற்ற அரசு தன் வருவாயைப் பாதுகாத்துக் கொள்வதிலேயே கண்ணாயிருந்தது. 1915 கலவரத்தின்போது அவ்வியக்கத்தின் தலைவர் பலரைச் சிறையிலும் அடைத்தது. மதுவுக்கெதிரான இயக்கம் அன்று ஏகாதிபத்தியத்துக்கெதிரான இயக்கமாகவும் இருந்தது என்பதை, போதையெதிர்ப்பு என்றாலே பிற்போக்கென எண்ணும் இக்கால இளைஞர் மறத்தலாகாது.

சுதந்திரம் வந்தது, தோட்டங்கள் தேசியமயமாயின, பின்னர் 1992 முதற் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் மீண்டது. தவறணை மட்டும் அசையவில்லை. இன்றும் மலையகத்துத் தோட்டப்புற நகரெதிலும் நூலகத்தைத் தேடி நடப்பவன் மதுபானக் கடையைத் தேடாமலே கண்டுவிடுவான். 1912 ஆம் ஆண்டுச் சட்டமும் திருத்தங்களோடு இன்னமும் வாழ்கின்றது. விலையுயர்ந்த அனுமதிபெற்ற சாராயத்தை வாங்க இயலாதவன் கசிப்பை நாடுகின்றான். கணவன் குடித்தழிக்கும் கூலியின் சுமையைக் கொழுந்துக் கூடையோடு மனைவியே சுமக்கின்றாள்.

தாராளவாதிகளுக்கு மறுமொழி

மதுவை அனுமதித்துவிட்டுக் கஞ்சாவைத் தடுப்பது முரண்பாடன்றோ என்பது சட்டபூர்வமாக்கலை ஆதரிப்போரின் முதல் வாதம். முரண்பாடு உண்டென்பதை ஒப்புக்கொள்ளலாம். கஞ்சாவினும் மது அதிக உயிர்களைக் கொள்வது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரு வீட்டில் ஏற்கெனவே தீப்பற்றியுள்ளது என்பது அடுத்த வீட்டுக்கும் தீயிடுதற்கு நியாயமாகாது.

சட்டபூர்வமாக்கினாற் கள்ளச்சந்தை ஒழியும் என்பது இரண்டாவது வாதம். இதற்கான மறுமொழி பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ளது. சென்னை மாகாணத்தில் 1937 இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடக்கினார். 1971 இல் தி.மு.க. அரசு அதனைத் தளர்த்தியது. 1983 இல் தோற்றுவிக்கப்பட்ட 'டாஸ்மாக்' நிறுவனம் 2003 முதற் சில்லறை விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. 2023-24 ஆம் ஆண்டில் அதன்வழி அரசுக்குக் கிட்டிய வருவாய் 45,000 கோடி ரூபாவைத் தாண்டியது. ஆட்சிகள் மாறின, மேடையிற் பேசிய கொள்கைகளும் மாறின, அவ்வருவாயைத் துறக்க மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை. அரசே தெருத்தெருவாய்க் கடை திறந்த அந்நாட்டிற் கள்ளச்சாராயமாவது ஒழிந்ததா? 2024 ஜூனிற் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சட்டபூர்வமான கடையின் விலைக்கு எட்டாத ஏழைகளே அங்கு மாண்டனர். போதையின் வருவாயிற் பழகிய அரசு, குடிப்பழக்கத்துக்கு அடிமையானவனைப் போன்றதே. இன்னுஞ் சொல்லப்போனால், அவனாவது விட்டுவிட விரும்புவதுண்டு.

தனிமனித சுதந்திரம் என்பது மூன்றாவது வாதம். அறையொன்றில் அமர்ந்து கஞ்சா புகைக்கும் வயது வந்தவனைப் பொலிஸ் இழுத்துச் செல்லலாகாது என்பதே அச்சுதந்திரத்தின் பொருளாயின், அதனை முழுமனத்துடன் ஏற்கலாம். ஆயின் சட்டபூர்வமாக்கப்பட்ட சந்தை அவ்வறையோடு நிற்பதில்லை. கனடா 2018 ஒக்ரோபரிற் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. அவ்வாண்டிலேயே கொரோனா பியர் வணிகத்தில் ஈடுபட்ட கொன்ஸ்ரலேஷன் கம்பனி கனோப்பி என்ற கஞ்சாக் கம்பனியில் ஏறத்தாழ 400 கோடி டொலரை இட்டது. மல்பரோ சிகரெட்டுக்குரிய அல்ட்ரியா கம்பனியும் மற்றொரு கஞ்சாக் கம்பனியான குரோனோஸில் 180 கோடி டொலரை முதலிட இசைந்தது. மதுவையும் புகையிலையையும் விற்றுக் கொழுத்த மூலதனம் தனிமனித சுதந்திரத்தின் மீது கொண்ட காதலால் அங்குச் சென்றதென நம்புவார் யார்? இலாபம் வேண்டின் விற்பனை பெருக வேண்டும். விற்பனை பெருக வேண்டின் நாடோறும் நுகர்வோரும், புதிதாய்ப் பழகும் இளையோரும் வேண்டும். இளம்பருவத்தில் அடிக்கடி கஞ்சா நுகர்வோரிடையே மனநோய் ஏற்படும் ஆபத்து அதிகமென மருத்துவ ஆய்வுகள் எச்சரிக்கின்றன. வீரியமுடைய இனங்களில் அவ்வாபத்து மேலும் அதிகம். சந்தையின் நலனும் இளைஞரின் நலனும் இவ்விடத்தில் நேருக்கு நேர் மோதுகின்றன.

தாய்லாந்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் அந்நாடு, 2022 ஜூனிற் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியது. தக்க சட்டமெதுவும் இயற்றப்படுமுன்னரே ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. மூன்றாண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவச் சீட்டின்றி விற்றலாகாதென மீண்டும் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. கண்டிக்கும் எல்லைக்கும் அறுகம்குடாவுக்கும் வரும் பயணிக்குக் கஞ்சா விற்று டொலர் சேர்ப்போம் என்போர் இதனை ஊன்றி நோக்குவாராக. ஹெரோயின் இந்நாட்டுக்கு உல்லாசப் பயணத்தின் பின்னாலேயே வந்தது என்பதையும் அவர்கள் மறந்துவிட்டனர் போலும்.

செய்யற்பாலன

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, சொந்தப் பாவனைக்கெனச் சிறிதளவு போதைப்பொருள் வைத்திருத்தல் குற்றவியற் சட்டத்திலிருந்து நீக்கப்படல் வேண்டும். தண்டப்பணம் கட்ட வழியற்றோர் சிறைசெல்லும் நிலை முற்றாக ஒழிதல் வேண்டும். இரண்டாவதாக, சிகிச்சையானது படைமுகாம்களிலிருந்து வைத்தியசாலைகளுக்கு மாற்றப்படல் வேண்டும். 2007 ஆம் ஆண்டு 54 ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழிவகுத்தது. கந்தக்காடு நிலையத்தில் 2022 இல் நிகழ்ந்த மோதல்களும் தப்பியோட்டங்களும் கட்டாயத்தின் பயனை உலகறியச் செய்தன. விரும்பிச் செல்லத்தக்க சிகிச்சை நிலையம், தோட்டப்புறங்களிலே, தமிழிற் பேசும் மருத்துவருடனும் உளவளத்துணையாளருடனும் அமைதல் வேண்டும்.

மூன்றாவதாக, மருத்துவத் தேவைக்குக் கஞ்சா பயிரிடப்படுமாயின் அவ்வுரிமை சேனை விவசாயிகளின் கூட்டுறவுகளுக்கே வழங்கப்படல் வேண்டும். இலாபநோக்குடைய கம்பனிக்கு, உள்நாட்டதாயினும் வெளிநாட்டதாயினும், அதனை ஒப்படைத்தல் சாராயக் குத்தகையைப் புதுப்பித்தலேயாம். நான்காவதாக, ஏற்கெனவே சட்டபூர்வமாயுள்ள போதையின் மீதும் கண் செலுத்துதல் வேண்டும். 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டம் மது, புகையிலை விளம்பரங்களைத் தடை செய்து, 21 வயதுக்குட்பட்டோர்க்கு அவற்றை விற்பதையும் தடுத்தது. வணிகத்தின் வாயைக் கட்டும் இத்தகைய சட்டங்களே நுகர்பவனின் கையைக் கட்டும் சட்டங்களினும் பயனுடையவை. தோட்டப்புறத் தவறணையை வைத்திருப்பதா, மூடுவதா என்பதை அங்கு வாழும் பெண்களின் வாக்கே தீர்மானிக்கட்டும். முடிவு என்னவாயிருக்கும் என்பதை மதுவரித் திணைக்களம் நன்கறியும்.

இக்கோரிக்கைகள் நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் எனச் சிலர் நகைக்கக்கூடும். வருமானத்தை இழந்து அரசு எவ்வாறு இயங்கும் என்று பொருளியல் பயில்வோர் வினவவுங்கூடும். குடிமகனின் ஈரலை வரவாகவும், அவனது மருத்துவமனைச் செலவைச் செலவாகவும் எழுதும் கணக்கேட்டில் மிச்சமென்பது எக்காலத்திலும் இருந்ததில்லை. அவ்வரவு திறைசேரிக்குச் செல்கின்றது. செலவோ லயத்து அறையிலுள்ள பெண்ணின் தலைமேல் விழுகின்றது. இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்படாமையினாலேயே வரவு பெரிதாகத் தோன்றுகின்றது.

பல்கலைக்கழக மாணவரின் பொறுப்பும் இவ்விடத்திற் சுட்டப்படல் வேண்டும். ஹந்தானைக் காட்டுப் பாதையில் உலாவியவாறு சுதந்திரம் பற்றி உரையாடுவது இனியதே. அப்பாதை தேயிலை மலைகளினூடாகவும் லயங்களினூடாகவும் செல்கின்றது. அங்கு வாழும் இளைஞன் ஒருவனுக்குப் போதை ஒரு தத்துவப் பிரச்சினையன்று. நாளெல்லாம் உழைத்தும் முன்னேற வழிகாணாதவனுக்கு அஃது ஒரு மாலைப் பொழுதின் மறதி; அகப்பட்டுக்கொண்டால் ஓர் ஆயுளின் களங்கம். மாணவனுக்குக் கிட்டும் மன்னிப்பு அவனுக்குக் கிட்டுவதில்லை. கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கு என்று கோருவோர், அவனைச் சிறையிலிருந்து மீட்கக் கோருகின்றார்களா, அவனைப் புதியதொரு சந்தையின் வாடிக்கையாளனாக்கக் கோருகின்றார்களா என்பதை முதலிலே தெளிவுபடுத்தல் வேண்டும். முன்னதாயின் அக்கோரிக்கையோடு யாவரும் இணையலாம். பின்னதாயின், தவறணை திறந்த நாள் முதல் இரு நூற்றாண்டாகக் கூலி கொடுத்துக் கற்ற பாடத்தை இம்மலைநாட்டு மக்கள் இரண்டாம் முறை கற்கவேண்டிய தேவை இல்லை.